பிள்ளைகளுக்கு வேலி யார்?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று, பிள்ளை வளர்ப்பில் பெற்றோரின் கடமை என்ன என்று பேசியவன் நான். ஆயினும், சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நானே ஒரு பாடம் கற்க நேர்ந்தது.

தேர்வில் நன்றாகச் செய்த என் 12 வயதுப் பேரன், பரிசாக ஒரு வீடியோ விளையாட்டு கேட்டான். கடை ஊழியர் உறையில் இருந்த ‘எம்18’ என்னும் குறியைச் சுட்டிக்காட்டி, யாருக்கு என்று வினவினார். “எனக்குத்தான்” என்று சிரித்தபடி பணத்தைக் கட்டினேன். அன்றிரவு பேரனின் அறையை எட்டிப் பார்த்தேன். திரையில் ஒருவன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான், பேரன் விசையை அழுத்துகிறான், இரத்தம் தெறிக்கிறது, மதிப்பெண் ஏறுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதுதான்.

சிங்கப்பூரில் வீடியோ விளையாட்டுகளுக்கான வகைப்பாட்டு முறை 2008ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. ‘16 வயது ஆலோசனை’ என்னும் குறி பெற்றோருக்கு வழிகாட்டுவது மட்டுமே. ‘எம்18’ குறியோ கட்டாயமானது; வாங்குபவரின் வயதைக் கடைக்காரர் சரிபார்க்க வேண்டும். அரசாங்கம் தன் கடமையைச் செய்தது. கடைக்காரரும் செய்தார். தவறியவன் நான்.

இந்தக் கேள்வி மற்ற நாடுகளிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவில் 1993இல் நாடாளுமன்ற விசாரணை நடந்தபின், 1994இல் விளையாட்டுத் தொழில்துறையே தரக் குறியீட்டு வாரியம் ஒன்றை அமைத்துக்கொண்டது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்கக் கூடாதென்று கலிஃபோர்னியா மாநிலம் 2005இல் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2011இல், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று தள்ளியது. குழந்தைகளுக்கான பழங்கதைகளிலும் கொடூரம் உண்டே என்று அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. பிரிட்டனிலோ, 2012 முதல் வயதுக்குறியை மீறிச் சிறுவருக்கு விற்பது சட்டப்படி குற்றம். நாட்டுக்கு நாடு வழி வேறு. ஆனால் எந்த நாட்டின் சட்டமும் வீட்டின் அறைக்குள் வந்து உட்காருவதில்லை.

மறுநாள் என் மகளிடம் உண்மையைச் சொன்னேன். “அப்பா, நீங்களே வாங்கிக் கொடுத்தால் நான் எதைச் சொல்லித் தடுப்பது?” என்றாள். தலைகுனிந்தேன். பேரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வட்டைத் திரும்ப வாங்கினேன். அவன் விடவில்லை. “தாத்தா, கந்தசஷ்டியில் சூரசம்ஹாரம் காட்டுகிறீர்களே, அது மட்டும் சண்டை இல்லையா?” என்றான்.

நல்ல கேள்வி. அங்கே சூரன் சேவலும் மயிலுமாகி இறைவனிடமே சேர்கிறான். அவனது ஆணவம்தான் அழிகிறது. அதைப் பார்க்கும் பிள்ளையின் பக்கத்தில், பொருள் சொல்ல ஒரு பெரியவர் நிற்கிறார். நான் வாங்கித் தந்த விளையாட்டில் கெஞ்சுபவனைக் கொன்றால் மதிப்பெண். பக்கத்தில் யாரும் இல்லை. இதைச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே! வாங்குமுன் உறையின் குறியைப் படியுங்கள். பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகப் பெரியவரின் கணக்கையும் மறைச்சொல்லையும் கொடுத்துவிடாதீர்கள். இன்று பல விளையாட்டுகள் கடைக்கே போகாமல் கைப்பேசியில் இறங்கிவிடுகின்றன. செயலிக் கடைகளுக்கான இணையப் பாதுகாப்பு நெறிமுறை 2025 மார்ச் 31 முதல் இங்கு நடப்பில் உள்ளது. இருப்பினும், பிள்ளையின் கணக்கில் சரியான வயதைப் பதிய வேண்டியவர்கள் நாம்தான். வாரம் ஒருமுறையாவது அவர்கள் அருகில் அமர்ந்து, என்ன விளையாடுகிறார்கள் என்று பாருங்கள்.

குறியீடு விளையாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லும்; நம் பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை அறிந்திருக்க வேண்டியது நம் பொறுப்பு. அந்த விழிப்பை எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.