சம்பளச் சீட்டைக் கேள்

தேவதானம்

அன்பு மகள் செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. நூற்பாலைகளைப் பற்றி நீ ஆவணப்படம் எடுக்கப் போவதாகத் தம்பி போனில் சொன்னான். எடு. ராஜபாளையத்துப் பிள்ளை எடுக்காமல் வேறு யார் எடுப்பது? மில் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கும் சொல்ல இருக்கிறது.

சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' படத்தைத் தேடிப் பார். சிவகாசித் தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகளைப் பற்றியது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்தாயிற்று. அது எந்த லட்சணத்தில் நடந்தது என்பது அதில் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. படம்தான் அதைச் சாதித்தது என்று நினைத்துவிடாதே. வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட அந்த வழக்கு படத்துக்கும் முந்தியது.

சுமங்கலித் திட்டத்தைத் தொடாமல் உன்னால் படம் எடுக்க முடியாது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை மில்லுக்குச் சேர்த்த கதை. எடுக்க வருகிறவர்கள் ஒரு பெண்ணை உட்கார வைத்து அழவிட்டுப் போய்விடுகிறார்கள். அழுகை கணக்கு ஆகாது. சம்பளச் சீட்டைக் கேள். சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடித்தம்? பிடித்த பி.எஃப். கட்டப்பட்டதா? ஓவர்டைம் எங்கே ஏறியது? மூன்று வருஷம் முடியுமுன் உடம்புக்கு முடியாமல் நின்ற பிள்ளைக்கு அந்த மொத்தப் பணம் என்ன ஆயிற்று? தப்பு நடந்திருந்தால் அந்தக் கட்டங்களில்தான் இருக்கும். பி.எஃப். பாஸ்புக்கை அந்தப் பிள்ளையே போனில் எடுத்துக் காட்டலாம். கம்பெனியின் ஆண்டுக் கணக்கைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். அரசு அலுவலகங்களில் இருக்கும் மற்றதற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பேசுகிற பெண்ணின் முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று இருக்காதே. கம்மல், குரல், வாசல் வேப்பமரம்... நம்மூரில் ஆளைச் சொல்ல இது போதும். நீ சென்னைக்குப் பஸ் ஏறிவிடுவாய். அவள் மறுநாள் விடியலில் அதே மில் வண்டிக்குத்தான் நிற்க வேண்டும்.

முதலாளி தரப்பை எழுத்தில் கேள். பதில் வராவிட்டால் கடிதம் அனுப்பிய தேதியைப் படத்தில் போடு. ஒழுங்காகச் சம்பளம் போடுகிற மில்லும் உண்டு. அதைக் காட்டாவிட்டால் இங்கே ஒருவரும் உன்னை நம்ப மாட்டார்கள். கிரிமினல் அவதூறு வழக்கு வந்தால் உண்மை மட்டும் காப்பாற்றாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். வக்கீலிடம் முன்கூட்டியே பேசிவிடு.

அடுத்த தடவை வரும்போது கேமராவைச் சென்னையிலேயே வைத்துவிட்டு வா. என்னோடு இரண்டு நாள் உட்கார்ந்து சம்பளச் சீட்டு வாசிக்கப் படி.

இப்படிக்கு,
பெரியப்பா