பகைவரையும் மன்னிக்க நம்மால் இயலுமா?

எல்லாரையும் நேசிக்க வேண்டும், தீங்கு செய்தவரையும் மன்னிக்க வேண்டும் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் பாடம். மறைக்கல்வி வகுப்பில் கேட்கிறோம். பிற சமயத் தோழியர் நல்லொழுக்க வகுப்பில் கேட்கிறார்கள். குமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரும் அதையே சொல்கிறார். அவருடைய நூலில் 16-ஆவது அதிகாரம் பொறையுடைமை, 32-ஆவது இன்னா செய்யாமை. தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்கிவிடுவோம். ஆனால் நம்மைப் பற்றிக் கோள் சொன்ன தோழியோடு காய் விட்டால், காலாண்டுத் தேர்வு தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை முகம் பார்ப்பதில்லை!

நம் மாவட்டத்தில் பொறுமையைப் பற்றிப் பேசினால் முதலில் நினைவுக்கு வருபவர் புனித தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தார், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார், 1749-இல் சிறைப்பட்டார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எருமை மேல் ஏற்றி அவரை ஊர் ஊராகக் கொண்டு சென்ற கதையை நம் பாட்டிமார் கண்ணீரோடு சொல்வார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வேதசாட்சியின் துன்பம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. பின்னால் இருப்பவர்களுக்கோ ஒவ்வொரு விடியலிலும் அது புதிதாகத் தொடங்குகிறது. கொன்றவர்களும் அதே நாட்டில்தான் நடமாடுகிறார்கள். அந்த நிலையில் மன்னிப்பது எப்படி? நம் காலத்திலேயே இந்தக் கேள்வியை எதிர்கொண்ட ஒரு குடும்பம் அண்டை மாநிலமான கேரளத்தில் உண்டு.

எறணாகுளம் மாவட்டம் புல்லுவழியில் 1954-இல் பிறந்தவர் அருட்சகோதரி ராணி மரியா. புனித அல்போன்சா வாழ்ந்த அதே பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து வடநாட்டுக்குச் சென்றார். 1992 முதல் மத்தியப் பிரதேசத்திலுள்ள உதயநகரில் பணி செய்தார். அங்கே ஆதிவாசி மக்கள் வட்டிக்காரர்களிடம் கடன்பட்டுக் கிடந்தனர். வங்கியில் கடன் பெறுவது எப்படி, அரசு தரும் உதவிகளைக் கேட்டு வாங்குவது எப்படி என்று சகோதரி கற்றுக் கொடுத்தார். அது சிலருடைய வருமானத்தைக் கெடுத்தது. 1995 பிப்ரவரி 25 அன்று அவர் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஏவிவிடப்பட்ட சமந்தர் சிங் என்ற இளைஞர் கத்தியால் குத்தினார். உடலில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். பேருந்து நிறைய ஆட்கள் இருந்தும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 41.

நீதிமன்றம் சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட ஒரு குருவானவர் சிறையில் அவரைச் சந்தித்துப் பழகினார். பிறகு ராணி மரியாவின் தங்கை சென்றார். அவரும் அதே சபையின் கன்னியர். பெயர் செல்மி பால். 2002-ஆம் ஆண்டு இந்தூர் சிறையில், அக்காளைக் கொன்றவரின் கையில் அவர் ராக்கி கட்டினார். நம் நாஞ்சில் நாட்டில் இந்த வழக்கம் இல்லாததால் அதன் கனம் நமக்கு உடனே விளங்காது. வடநாட்டில் ஒரு பெண் ஒருவருக்கு ராக்கி கட்டினால், நீ என் உடன்பிறந்தவன் என்று ஊரறியச் சொல்வதாகப் பொருள்.

அவர்களுடைய தாய் ஏலீஸ்வா அம்மாள், பின்னர் சமந்தர் சிங்கைச் சந்தித்தபோது அவருடைய கைகளை முத்தமிட்டார். எந்தக் கைகள் என்று எண்ணிப் பார்க்கும்போது நமக்கு மெய் சிலிர்க்கிறது. அம்மா அப்படிச் செய்வார்களா என்று நம் வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்று பல அம்மாமார் சொல்லக்கூடும். அதை நாம் குறை கூறவும் கூடாது.

1995-இல் நடந்த கொலைக்கு ராக்கி வந்தது 2002-இல். நடுவே ஏழு ஆண்டுகள். கன்னியர் மடத்தில், நாள்தோறும் செபிக்கும் ஒருவருக்கே இத்தனை காலம் சென்றிருக்கிறது. ஆகவே, மன்னித்துவிட்டேன் என்று இன்றே சொல்லும்படி அழுகிற பிள்ளையை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் இது எங்கள் பணிவான விண்ணப்பம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்றால் வாய் மூடிக்கொள்வது என்று சிலர் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். குடித்துவிட்டு அடிப்பவரைப் பொறுத்துக்கொள், தகாத முறையில் நடந்தவரைப் பற்றி வெளியே சொல்லாதே, மன்னித்துவிடு என்பார்கள். இதை நம்மால் ஏற்க முடியவில்லை. ராணி மரியாவின் வீட்டார் கொலையை மறைக்கவில்லை. வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது, குற்றவாளி 11 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அதன் பிறகுதான், அவரை விடுவிக்கும்படி அந்தக் குடும்பமே மனுக் கொடுத்ததன் பயனாக, 2006-இல் வெளியே வந்தார். தீங்கு நடந்ததை நடந்தது என்று உரக்கச் சொல்லாமல் மன்னிக்கத்தான் என்ன இருக்கிறது?

இன்னொருபுறம், மனத்தில் கோபம் இருக்கும் வரை மன்னிப்பு பொய் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். செல்மி சகோதரி தம் மனம் முழுவதும் தெளிந்த பிறகுதான் சிறைவாசலுக்குப் போனாரா, போன பிறகு தெளிந்தாரா, யார் அறிவார்! ஆனால் ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போடுவதற்குக் கை போதும். பேசாத தோழியின் பெஞ்சுக்குப் போய் ஒரு பென்சிலை நீட்டுவதற்கும் கை போதும்.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார். விழாவுக்கு வந்திருந்தவர்களில் செல்மி சகோதரியும் இருந்தார். அவர் ராக்கி கட்டிய சகோதரன் சமந்தர் சிங்கும் வந்திருந்தார்.