ஒரே நாளில் ஹைலேண்ட்ஸ்

கேள்வி: எடின்பரோவில் மகன் வீட்டில் இருக்கிறோம். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் இருக்கும் நெஸ் ஏரிக்கு ஒருநாள் பஸ் டூர் போகலாமா? எனக்கு 68 வயது.

பதில்: தாராளமாக. ஆனால் காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு 8 ஆகிவிடும்; முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். நெஸ் ஏரி 37 கிலோமீட்டர் நீளம். கரையில் நின்றால் கறுத்த தண்ணீர்தான், கதைகளில் அந்த ஏரியில் வாழ்வதாகச் சொல்லும் பூதமெல்லாம் வராது! என்னைக் கேட்டால், வழியில் வரும் கிளென்கோ பள்ளத்தாக்குக்கே கொடுத்த காசு சரியாகப் போய்விடும். இருபுறமும் மலை, உச்சியில் மேகம், சரிவெல்லாம் ஓடை. 1692-இல் விருந்தாளிகளாகத் தங்கியிருந்த படைவீரர்களே மெக்டொனால்டு குலத்தாரை வெட்டிச் சாய்த்த இடம் அது. பெரும்பாலும் பஸ் ஓட்டுநரே வழிகாட்டி. கதை சொல்லிக்கொண்டே ஓட்டுவார். டிசம்பரில் மாலை 4 மணிக்குள் இருட்டிவிடும், மே மாதம் போங்கள். மழைக்கோட்டை மறக்காதீர்கள்.