இறங்காமல் எழும்பிய விமானம்

சென்ற ஐப்பசியில் ஓர் அடைமழை இரவு, கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்ட விமானம் மீனம்பாக்கத்தை நெருங்கி, சக்கரங்கள் வெளியே இறங்கிய ஓசையும் கேட்டு, தெருவிளக்குகள் மழைத்தாரையில் கரைந்து ஜன்னலில் தெரியத் தொடங்கிய சமயத்தில், என்ஜின்கள் சட்டென்று முழங்க, மூக்கை நிமிர்த்திக்கொண்டு மீண்டும் மேகத்துக்குள் ஏறிவிட்டது. அருகிலிருந்த பெரியவர், கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தியபடி, "புது ஆள் போலிருக்கிறது, சார். பழைய கையாயிருந்தால் இந்நேரம் இறக்கியிருப்பான்" என்றார். சுற்றி வந்து இறங்க மேலும் இருபது நிமிஷங்கள் ஆயின. பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. விமானியின் உத்தியோகத்தைப் பற்றி நம்மில் படித்தவர்களும் பாமரர்களும் ஒரேவிதமாகக் கொண்டிருக்கும் அபிப்பிராயங்களில் ஒன்றைத்தான் அவர் சொன்னார்.

நம்பிக்கை: விமானம் தானாகவே பறக்கிறது, விமானி சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

உண்மை: தானியங்கிக் கருவி நேற்று வந்ததன்று. 1914ஆம் ஆண்டிலேயே லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க இளைஞர், பாரிஸுக்கு அருகே, ஜனங்கள் திரண்டு பார்த்திருக்க, விமானத்தை அத்தகைய கருவியின் வசம் விட்டுவிட்டு இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு பறந்து காட்டினார். அதன் சந்ததியாகிய இன்றைய கருவி, குறித்த உயரத்தையும் திசையையும் வேகத்தையும் பிசகாமல் காக்கும். எந்த உயரம், எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று தீர்மானிக்க வேண்டியவர் விமானியே. பிரயாணி விமானங்கள் தரையை விட்டு எழும்புவது இன்றும் வழக்கமாக மனிதக் கையால்தான். இறங்குவதிலும் பெரும்பாலானவை அப்படியே. கடும் மூடுபனியில் கருவியே விமானத்தை ஓடுபாதையில் அமர்த்துவது உண்டென்றாலும், அதற்கு விமானத்திலும் நிலையத்திலும் விசேஷ சாதனங்களும், விமானிகளுக்குத் தனிப்பயிற்சியும் அவசியம். பழகிய வண்டிமாடு, வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் வீட்டுக்குப் போகும் வழியை அறியும். ஆனால் இன்றிரவு வீட்டுக்குப் போகாமல் சத்திரத்தில் தங்குவதே உசிதம் என்பதை அது அறியாது. அந்த விவேகத்துக்காகவே விமானி அங்கே அமர்ந்திருக்கிறார்.

நம்பிக்கை: விமானம் கிளம்பும்போதுதான் விமானியின் வேலை தொடங்குகிறது.

உண்மை: பிரயாணிகள் வாசலில் வரிசை கட்டி நிற்பதற்கு வெகுநேரம் முன்னரே, வானிலை அறிக்கையையும், செல்லும் நிலையங்களில் எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எந்த விளக்கு பழுதாகியிருக்கிறது என்ற அறிவிப்புகளையும் இரு விமானிகளும் வாசித்தாக வேண்டும். புறப்பாட்டுக்கு முந்திய 12 மணி நேரத்துக்குள் மது அருந்தியிருக்கலாகாது என்பது நம் தேசத்து விதி. பிறகு இருவரில் ஒருவர் கையில் டார்ச் விளக்குடன் விமானத்தைப் பிரதட்சிணம் வருவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். டயரில் வெட்டு உண்டா, எங்கேனும் எண்ணெய் கசிகிறதா, என்ஜினின் இதழ்களில் பறவை மோதிய வடு உண்டா என்று பார்த்துக்கொண்டே வருபவர், மூக்கருகே விரற்கடைப் பருமனுள்ள ஒரு சிறு குழாயின் முன் நின்று அதன் வாயில் உறையோ பூச்சியின் கூடோ அடைத்திருக்கிறதா என்று உற்று நோக்குகிறார். அந்தக் குழாய்க்குள் புகும் காற்றைக் கொண்டே விமானம் தன் வேகத்தை அறிகிறது.

எரிபொருளின் கணக்கு இன்னும் நுட்பமானது. சேருமிடம் வரை வேண்டியது, எதிர்பாராத செலவுக்கென்று ஒரு பங்கு, அங்கே இறங்க முடியாமற்போனால் மாற்று நிலையத்துக்குச் செல்ல வேண்டியது, அதற்கும் மேலாக அரைமணி நேரம் வட்டமிட வேண்டியது என்று அடுக்கடுக்காகக் கூட்டி, வானிலை மோசமென்று தோன்றினால் இன்னும் சிறிது கேட்டு வாங்கிக்கொள்ளத் தலைமை விமானிக்கு அதிகாரம் உண்டு. கணக்குப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23ஆம் தேதி கனடாவில் நிகழ்ந்ததே சாட்சி. அத்தேசம் பவுண்டிலிருந்து கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்துக்கு எரிபொருளை அளந்தபோது ஓர் அளவை மற்றொன்றாகக் கொண்டு கணக்கிட்டுவிட்டதால், தேவையில் பாதிக்கும் குறைவாகவே ஏற்றியிருந்தார்கள். 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீரத் தொடங்கி, இரு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின.

நம்பிக்கை: என்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல் விழும்.

உண்மை: அந்தக் கனடா விமானம் விழவில்லை. விமானத்தைத் தாங்குவது இறக்கைகள். என்ஜின் அதற்கு வேண்டிய வேகத்தைத் தருகிறது. என்ஜின் ஓய்ந்தால் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்து வேகத்தை வாங்கலாம். சாதாரணமாகப் பறக்கும் உயரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலும் சறுக்கி வரலாம். என்ஜினில்லாச் சறுக்கு விமானங்களை ஓட்டிப் பழகியிருந்த தலைமை விமானி ராபர்ட் பியர்சன், கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப் படைத்தளத்தில் அதை இறக்கினார். உள்ளிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

நம்பிக்கை: தலைமை விமானி அரசர், துணை விமானி அவரிடம் வேலை பழகுகிறவர்.

உண்மை: இருவரும் உரிமம் பெற்ற விமானிகள், ஆறு மாதத்துக்கொருமுறை சிமுலேட்டரில் பரீட்சைக்கு உட்படுபவர்கள், ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டினால் மறு பயணத்தில் மற்றவர் ஓட்டுவதே வழக்கம். ஓட்டாதவர் வானொலியில் பேசுவதோடு, ஓட்டுகிறவரின் ஒவ்வொரு செய்கையையும் கண்காணிக்கிறார். இந்த ஏற்பாட்டின் அருமையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1977 மார்ச் 27ஆம் தேதி தெனரீஃப் தீவின் மூடுபனியில், பிறருக்கே பயிற்சி அளிக்கும் ஸ்தானத்திலிருந்த ஒரு தலைமை விமானி, அனுமதி கிடைக்காமலே எழும்பத் தொடங்கினார். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கலாமே என்று பின்னிருக்கைப் பொறியாளர் எழுப்பிய ஐயத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இரு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் பணிந்து கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் முறை அதன் பின்னரே வேரூன்றியது.

அதன் பலனை 2009 ஜனவரி 15ஆம் தேதி நியூயார்க்கில் கண்டோம். பறவைக் கூட்டம் மோதி இரு என்ஜின்களும் வலுவிழந்தபோது விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ். தலைமை விமானி செஸ்லி சல்லன்பெர்கர் அதைத் தம் கையில் வாங்கிக்கொள்ள, என்ஜின்களை உயிர்ப்பிக்கும் முயற்சியில் ஸ்கைல்ஸ் இறங்கினார். மூன்றரை நிமிஷத்தில் ஹட்சன் நதியில் இறங்கிய அவ்விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தனர். நீர் புகுந்துகொண்டிருந்த விமானத்துக்குள், எவரும் மிஞ்சவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள சல்லன்பெர்கர் இருமுறை நடந்து பார்த்த பின்னரே வெளியேறினார். தலைமை என்பதன் பொருள் அதுதான்: வேலையைப் பங்கிடலாம், பொறுப்பைப் பங்கிட முடியாது.

நம்பிக்கை: மூக்குக் கண்ணாடி அணிந்தவர் விமானியாக முடியாது.

உண்மை: கண்ணாடியால் பார்வை தேவையான அளவுக்குத் திருந்தினால் தடையில்லை, உபரியாக இன்னொரு கண்ணாடியும் உடன் வைத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: பூப்போல இறக்குபவரே தேர்ந்த விமானி, இறங்காமல் மேலே எழும்புபவர் தடுமாறியவர்.

உண்மை: நீர் தேங்கிய ஓடுபாதையில் பூப்போல இறங்கினால், டயர்கள் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், ஆகையால் அழுத்தமாக இறக்கிப் பிடிப்பு உண்டாக்குவதே முறை. முதுகில் விழும் அந்த இடி பிழையன்று. இறங்காமல் எழும்புவதும் அவ்வாறே. சாதாரணக் கருவி வழிகாட்டலில் ஓடுபாதைக்கு மேல் 200 அடி உயரத்தை அடைந்தும் பாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், மறு யோசனையின்றி ஏறிவிட வேண்டும் என்பது விதி. எந்த உயரத்துக்கு ஏறுவது, எப்பக்கம் திரும்புவது என்பதை விமானிகள் இருவரும் இறங்கத் தொடங்குமுன்பே பேசி வைத்திருப்பார்கள். கீழே விளக்குகள் மங்கலாகத் தெரிய, பின்னால் நூற்றுக்கணக்கான பேர் வீட்டு நினைவாய் இருக்க, இன்னும் பத்து விநாடி பொறுத்துப் பார்ப்போமே என்று மனம் கெஞ்சும் வேளையில், அந்தச் சபலத்தை வெல்வதே இவ்வுத்தியோகத்தின் சாரம்.

அன்றிரவு தாமதத்துக்காகப் பெரியவர் கடைசிவரை அலுத்துக்கொண்டார். எனக்கோ, அந்த இருபது நிமிஷம் வட்டமிட்டதற்கான எரிபொருளைப் பற்றிய எண்ணமே மேலோங்கி நின்றது. கோயம்புத்தூரில் நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சென்னையின் மழை அறிக்கையைப் படித்துவிட்டு, இறங்க முடியாமலும் போகலாம் என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துத்தான் அதை ஏற்றியிருக்க வேண்டும்.