கண்ணை எடுக்காமல் கோப்பைத் திறக்க

ஆலங்குடாப் பக்கம், பாலாவி–கற்பிட்டி வீதியோரம் ஒரு சின்ன கொமினிகேஷன் கடையில் ஒன்பது வருடமாக டைப் செய்கிறேன். போட்டோ கொப்பி, பிரதேச செயலகத்துக்குக் கடிதம், தவணைப் பரீட்சை வினாத்தாள், கலியாணக் காட், தோட்டக்காரர்களின் வெங்காயக் கணக்கு, எல்லாம் ஒரே மேசையில்தான். நான் சொல்லப்போகும் விசயம் சின்னது. வேர்ட்டையும் எக்செல்லையும் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே திறப்பது. ஆனால் அதை நான் தேடிப் படித்தது வேகத்துக்காக அல்ல.

ஒருநாள் கந்தக்குளியிலிருந்து வயதான மீனவர் ஒருவர் வந்தார். வலை போய்விட்டது, உதவி கேட்டு ஒரு கடிதம் வேண்டும் என்றார். உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் திரைப் பக்கம் திரும்பி, வேர்ட் எங்கே என்று தேடி, அது திறக்கும்வரை பார்த்திருந்து, எழுத்துருவை மாற்றி, அளவை மாற்றி, நிமிர்ந்து பார்த்தால் அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். “மகள், நீங்க வேலைய முடிங்க. நான் பொறகு சொல்றேன்” என்றார். என் வேலையே அவர் சொல்வதைக் கேட்பதுதான். இரண்டாம் தரம் அவர் சொன்னது பாதியாகச் சுருங்கியிருந்தது. முதல்தரம் வாயில் வந்த திகதியும், கூடப் போன படகுக்காரரின் பேரும் வரவில்லை. பிரிண்ட் எடுத்த பிறகுதான் கவனித்தேன். திரும்பக் கேட்டு, திரும்ப டைப் செய்தேன். அன்றிரவு கடை பூட்டுமுன் விசைகளை அமைக்கப் பழகினேன்.

விண்டோஸில் வழி இதுதான். ஸ்டார்ட் மெனுவில் வேர்ட்டைத் தேடி, அதன்மேல் வலது பக்கம் கிளிக் செய்து, அது இருக்கும் போல்டரைத் திறக்க வேண்டும். அங்கே உள்ள சோர்ட்கட்டை டெஸ்க்டொப்புக்குக் கொப்பி எடுங்கள். அந்தச் சோர்ட்கட்மேல் வலது கிளிக், ப்ரொப்பர்டீஸ், சோர்ட்கட் என்ற பக்கம். ‘சோர்ட்கட் கீ’ என்று ஒரு பெட்டி இருக்கும், உள்ளே ‘நன்’ என்று எழுதியிருக்கும். அதற்குள் கேர்சரை வைத்து ஓர் எழுத்தை மட்டும் அமர்த்தினால் போதும், கொன்ட்ரோலையும் அல்ட்டையும் விண்டோஸே சேர்த்துக்கொள்ளும். ஓகே கொடுத்தபின் கொன்ட்ரோல், அல்ட், அந்த எழுத்து மூன்றையும் சேர்த்து அமர்த்துங்கள். சில கணினிகளில் ஓரிரு விநாடி பிந்தும். பொறுக்காமல் மறுபடி அமர்த்த வேண்டாம்.

இவ்வளவோடு நான் நின்றிருந்தால் பெரிய பலன் இருந்திராது. வெறும் வேர்ட் திறந்தால் வெறும் தாள்தான் வரும். எழுத்துரு, ஓரம், ‘ஊடாக’, ‘பொருள்’ என்று மறுபடி எல்லாம் போட வேண்டும். ஆகவே மென்பொருளுக்கு விசை கொடுப்பதை விட்டு, அன்றாடம் திறக்கும் கோப்புக்குக் கொடுத்தேன். கோப்பின்மேல் வலது கிளிக் செய்து அதற்கே ஒரு சோர்ட்கட் எடுத்து, அதே பெட்டியில் எழுத்தைக் கொடுத்தால் சரி. கடிதத்துக்குக் ‘கே’. நாளாந்தக் கணக்குக்கு ‘எக்ஸ்’. பாமினியில் அடிக்கும் நோட்டீசுக்குப் ‘பி’. வினாத்தாளுக்குக் ‘கியூ’. நாலுதான். பன்னிரண்டு வைத்துப் பார்த்தேன், எது எதற்கென்று யோசிக்கும் நேரத்தில் மவுஸாலேயே திறந்திருக்கலாம்.

பாமினியைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது, என் விரலும் அதில்தான் பழகியது. ஆனால் பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு மின்னஞ்சலில் போனால் அந்த ஐந்து குறியும் அப்படியே தெரியும், ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. அலுவலகங்களுக்கு அனுப்புவது யூனிகோட்டில்தான் இருக்க வேண்டும். ‘கே’ அமர்த்தினால் யூனிகோட் எழுத்துரு போட்ட தாள், ‘பி’ அமர்த்தினால் பாமினி போட்ட தாள். எதில் அடிக்கிறோம் என்பது முதல் எழுத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

அந்தத் தாளை எப்படிச் சேமித்து வைப்பது என்பது இன்னும் முக்கியம். இதை நான் ஒரு தாயின் அலைச்சலில் கற்றேன். அப்போது நேற்றைய ஆளின் கடிதத்தைத் திறந்து, பேரை மாற்றி, புதிய கடிதமாக்குவது என் பழக்கம். அந்தத் தாயின் கடிதத்தில் பேர் மாறியது, முகவரி மாறியது, அடையாள அட்டை இலக்கம் மட்டும் முந்திய ஆளுடையதாக நின்றுவிட்டது. புத்தளம் கச்சேரிவரை போய், ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுத் திரும்பி வந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய குடும்பம் அது. காணி, வாக்காளர் பதிவு என்று கடதாசிக்காகவே பாதி ஆயுளை நடந்து தீர்த்தவர்கள். அவர்களுடைய கடதாசியில் ஓர் இலக்கம் பிழைப்பது எனக்குச் சின்ன விசயமாகப் படவில்லை.

அன்றிலிருந்து கடிதத்தைச் சாதாரண வேர்ட் கோப்பாக வைப்பதில்லை. ‘சேவ் அஸ்’ கொடுக்கும்போது வகைப் பட்டியலில் ‘வேர்ட் டெம்ப்ளேட்’ என்பதைத் தெரிந்து சேமிக்கிறேன். அதற்குச் சோர்ட்கட்டும் விசையும் கொடுத்தால், ஒவ்வொரு தரமும் புதிய பிரதி திறக்கும், மூலத்தில் கைபடாது. பேர், முகவரி, இலக்கம் வரும் இடங்களில் சிவப்பு நிறத்தில் புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன். நிரப்பாமல் விட்டால் அது கண்ணில் குத்தும். எக்செல்லிலும் டெம்ப்ளேட் உண்டு, ஆனால் தினக் கணக்குக்கு அது கூடாது. அங்கே அதே கோப்புத்தான் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டும்.

விசை அமைப்பவர்கள் விழும் குழிகள் இரண்டு. டெஸ்க்டொப் நெருக்கமாக இருக்கிறதென்று ஒருநாள் சோர்ட்கட்டுகளை எல்லாம் ஒரு போல்டருக்குள் போட்டேன். மறுநாள் ஒரு விசையும் வேலை செய்யவில்லை. சோர்ட்கட் டெஸ்க்டொப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் விண்டோஸ் அந்த விசையைக் கவனிக்கும். டெஸ்க்டொப் துப்பரவாக இருக்க வேண்டுமென்றால் விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ அமர்த்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல், முக்காற்புள்ளி, புரோகிராம்ஸ் என்று இடைவெளியில்லாமல் அடியுங்கள். ஸ்டார்ட் மெனுவின் போல்டர் திறக்கும். சோர்ட்கட்டுகளை அங்கே வைத்துவிட்டால் யாரும் தவறுதலாக அழிக்கவும் மாட்டார்கள்.

மற்றது, வேர்ட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் விசைகளோடு மோதுவது. தொடக்கத்தில் எழுத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் கொடுத்திருந்தேன். ஓர் ஆசிரியை பாடசாலை மலர் அடிக்க வந்தார். தலைப்புக்கு வேர்ட்டில் கொன்ட்ரோல், அல்ட், ஒன்று. நான் அமர்த்த அமர்த்தத் தலைப்பு வரவில்லை, புதிய கடிதத் தாள்கள் வந்துகொண்டிருந்தன. விண்டோஸில் நாம் கொடுத்த விசைதான் முந்திக்கொள்கிறது. அதுபோல அடிக்குறிப்புக்கு ‘எஃப்’, கருத்துரைக்கு ‘எம்’, பதிப்புரிமைக் குறிக்குச் ‘சீ’. இவற்றை விட்டுவிடுங்கள். வேறு எழுத்து அகப்படாவிட்டால் அந்தப் பெட்டிக்குள் கொன்ட்ரோல், அல்ட், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு எழுத்தை அமர்த்தலாம், அதையும் ஏற்றுக்கொள்ளும்.

இத்தனையும் வேண்டாம், மென்பொருள் திறந்தால் போதும் என்பவர்களுக்கு இலகுவான வழி டாஸ்க்பார். வேர்ட்டையும் எக்செல்லையும் அங்கே பின் செய்து வைத்தால், விண்டோஸ் விசையோடு ஒன்று அமர்த்த முதலாவது திறக்கும், இரண்டு அமர்த்த இரண்டாவது. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இது உண்டு, பிந்துவதும் இல்லை. கடையின் மற்றக் கணினியில் உபுண்டுவும் லிப்ரே ஒபிஸும்தான். அங்கே செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதிக்குப் போய், நமக்கென்று ஒரு விசையைச் சேர்த்து, கட்டளை என்ற இடத்தில் ஆங்கிலத்தில் லிப்ரேஒபிஸ், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, கேல்க் என்று கொடுத்தால் கணக்குத்தாள் திறக்கும். ரைட்டர் என்று கொடுத்தால் கடிதத்தாள்.

எங்கள் கரைக்கு இது இன்னொரு வகையிலும் உதவுகிறது. சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் உப்பும் மணலும் கடைக்குள் வந்துவிடும், மவுஸின் யூஎஸ்பி முனை துருப்பிடித்து நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையம் பக்கத்து நுரைச்சோலையில் இருக்க, நாங்கள் கரண்ட் வரும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு கடை திறந்தோம். வந்ததும் வாசலில் ஆட்கள். அந்த நாட்களில் நாலு விசையும் என் கையைக் காப்பாற்றின.

இப்போது யாராவது உட்கார்ந்து பேசத் தொடங்கினால் என் விரல்கள் மட்டும் அசையும். தாள் திறந்துகொள்ளும், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டேன். பேரையும் திகதியையும் அவர் வாயிலிருந்து வரும்போதே அடித்துவிடுகிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். கணினியை போர்மட் செய்தால் இந்த விசைகள் போய்விடும். ஆனால் விசை பதிந்திருப்பது சோர்ட்கட் கோப்புக்குள்ளேதான். கோப்புகள் முன்பிருந்த அதே போல்டரில் இருக்குமானால், சோர்ட்கட்டுகளைத் திரும்ப ஸ்டார்ட் மெனுவில் போட்டு ஒருதரம் கணினியை அணைத்து எழுப்பினால் விசைகள் வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை சாத்துமுன் டெம்ப்ளேட்டுகளையும் சோர்ட்கட்டுகளையும் ஒரு பென் டிரைவில் கொப்பி எடுத்து, உப்புக் காற்றுப் படாமல் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைக்கிறேன்.