தகரப் படகும் அணு உலையும்

திருவிழாக் கடைகளில் 'டப், டப்' என்ற ஓசையுடன் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிவரும் தகரப் படகைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. மழைக்காலம் போனால் அதை அண்டாவில் விட வேண்டியதுதான்! அதனுள் சக்கரமோ சுருள்வில்லோ கிடையாது. சிறு தகரக் கொதிகலம், அதிலிருந்து பின்புறமாக நீருக்குள் இறங்கும் இரண்டு குழாய்கள், அடியில் எரியும் திரி, அவ்வளவே.

கொதிகலத்து நீர் ஆவியாகி, குழாயிலுள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. குழாயின் குளிர்ந்த பகுதியை அடைந்ததும் ஆவி மீண்டும் நீராகிச் சுருங்குகிறது. அழுத்தம் குறையவே வெளிநீர் உள்ளே ஏறிச் சூடான தகரத்தைத் தொடுகிறது. தீ ஒரே சீராக எரிகிறது. ஓட்டமோ முன்னும் பின்னும் அலைகிறது. இது ஏன் என்று யோசித்ததுண்டா?

மின் நிலையக் கொதிகலங்களில் பல குழாய்கள் பக்கம் பக்கமாக நிற்கும். எல்லாவற்றுக்கும் நீர் ஒரே இடத்திலிருந்து வருகிறது. சாதாரணக் குழாயில் ஓட்டம் குறைந்தால் உராய்வும் குறையும். கொதிக்கும் குழாயிலோ கதை தலைகீழாகலாம். ஓட்டம் சிறிது குறைந்தால் அதே வெப்பம் குறைந்த நீருக்குக் கிடைக்கிறது, ஆவி மிகுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் நீரைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்பது ஆவி! அது நெருக்கியடித்துக்கொண்டு விரைவதால் தடை கூடுகிறது. தடை கூடினால் ஓட்டம் இன்னும் குறையும். அக்குழாய்க்கு வர வேண்டிய நீர், ஒரு பாத்தியின் மடை அடைபட்டதுபோல, பக்கத்துக் குழாய்களுக்குப் போய்விடும். நீரிழந்த குழாய் காய்ந்து வெடிக்கவும் கூடும். இதனை 1938-இல் விளக்கியவர் லெடினெக் என்பவர்.

மற்றொரு வகை, அலைவு. நுழைவாயிலில் ஓட்டம் மாறினால், அதனால் விளையும் ஆவி குழாயின் மேல்முனைக்குச் சென்று சேரச் சிறிது நேரம் ஆகும். தடை தாமதமாக மாறுவதால் திருத்தமும் தாமதமாகவே வருகிறது. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல் அலைவு வளர்கிறது.

1969-இல் தொடங்கிய தாராப்பூர் அணுமின் நிலையத்தின் முதல் இரு உலைகளும் கொதிநீர் உலைகளே. எரிபொருளைச் சுற்றியே நீர் கொதிக்கும். (கூடங்குளத்தில் அப்படியல்ல, அங்கே மிகுந்த அழுத்தத்தால் உலை நீர் கொதிக்காமல் காக்கப்படுகிறது.) கொதிநீர் உலையில் ஆவிக்குமிழிகள் குறைந்தால் அணுப்பிளவு கூடும், மிகுந்தால் குறையும். ஆகவே ஓட்டம் அலைந்தால் உலையின் திறனும் அலையும். 1988 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் லாசால் நிலையத்தில், நீரைச் சுழற்றும் இரு பம்புகளும் நின்றுபோக, திறன் சில வினாடிகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கத் தொடங்கியது. அலைவு பெருகி, முழுத்திறனில் 118 சதவீதத்தைத் தொட்டதும் உலை தானாகவே நின்றது. எரிபொருளுக்குச் சேதமில்லை.

பரிகாரம் என்ன? ஒவ்வொரு குழாயின் நுழைவாயிலிலும் ஒரு சிறு துளைத்தகடு! ஓட்டத்தைத் தடுப்பது எப்படி ஓட்டத்தைக் காக்கும்? அத்துளை வழியே போவது ஆவியில்லாத நீர். ஓட்டம் குறைந்தால் அங்கே தடையும் தவறாமல் குறைகிறது. மேலே ஆவி செய்யும் குறும்பை அது ஈடுகட்டுகிறது. அதே தகட்டை வெளிவாயிலில் வைத்துப் பாருங்கள்: ஆவி அதில் நெருக்கியடிக்கும், நிலைமை முன்னிலும் மோசமாகும். தகட்டுக்கு விலையும் உண்டு. பம்பு கூடுதலாக உழைக்க வேண்டும். ஆகவே துளை எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பது பொறியாளர்கள் கணக்கிட்டு முடிவு செய்யும் விஷயம்.