மிஞ்சிய வான்கோழிக் கறியில் கோலா உருண்டை



கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் சில வீடுகளில் வான்கோழியை முழுதாக வறுப்பதுண்டு. நன்கு வளர்ந்த சேவல் பல கிலோ எடை நிற்கும். ஒரே வேளையில் அது தீராது. மிஞ்சிய கறியை வீணாக்க வேண்டாம். அஜாக்கிரதையாக வைத்திருந்து உண்ணவும் வேண்டாம்.

ஏன் வீணாக்கக் கூடாது?

வெந்த வான்கோழிக் கறி 100 கிராமில் சுமார் 28 கிராம் புரதம் உண்டு. இரும்புச் சத்தும் உண்டு. கூடவே உண்ணும் கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவும் இறைச்சி உதவுகிறது. இரத்த சோகை உள்ள பெண்களுக்கு இது மிக அவசியம். ஆனால் நடப்பது என்ன? நல்ல துண்டுகள் மற்றவர் இலைக்குப் போய்விடும். கடைசியில் சாப்பிட உட்காரும் தாய்க்கு எலும்புதான் மிஞ்சும்.

நேரமே முக்கியம்

"ராத்திரி மூடி வச்சுட்டு, காலையில நல்லா சூடு பண்ணிட்டா சரியாப் போயிடும்" என்பார்கள். இது தவறு. வெதுவெதுப்பாகக் கிடக்கும் கறியில் கிருமிகள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகலாம். சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. வாடையை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே:

1. அடுப்பிலிருந்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் மிஞ்சிய கறியை எடுத்து வைக்கவும். கடும் வெயில் காலத்தில் 1 மணி நேரமே கணக்கு.

2. முழுதாக வைத்தால் உள்சூடு ஆற வெகு நேரமாகும். எலும்பிலிருந்து பிய்த்து, அகலமான பாத்திரத்தில் பரப்பி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். மறுநாளே பயன்படுத்தவும்.

3. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், அந்த 2 மணி நேரத்துக்குள்ளேயே உருண்டை செய்து சூட்டோடு சாப்பிட்டுவிடவும்.

4. இரவு முழுவதும் வெளியில் இருந்த கறியை யோசிக்காமல் கொட்டிவிடவும்.

செய்முறை

தேவையானவை: பிய்த்த கறி 250 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, கறிவேப்பிலை சிறிதளவு, முட்டை 1.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும். கறியில் எலும்புச் சில் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். தேங்காய், சோம்பு, இஞ்சி, பூண்டு, மிளகாயை முதலில் அரைத்து, பிறகு கறியைச் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்கவும். பொடியாக நறுக்கிய வெங்காயம், தழைகள், மாவு, முட்டை சேர்த்துப் பிசையவும். வறுவலில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் ஒரு சிட்டிகை போதும். வான்கோழிக் கறியில் கொழுப்பு குறைவு, உருட்டும்போது உதிரும். அப்படியானால் இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்கலாம்.

சிறு எலுமிச்சை அளவு உருட்டி, பணியாரக் கல்லில் குழிக்கு அரை தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் திருப்பித் திருப்பி வேகவிடவும். ஒன்றைப் பிட்டால் நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். பச்சை முட்டை சேர்ந்திருப்பதால் வேகாத விழுதை ருசி பார்க்க வேண்டாம். ஒரு முறை சூடாக்கிய கறி இது. மிஞ்சினால் மறுபடியும் எடுத்து வைக்கக் கூடாது.

யாருக்குக் கொடுக்கலாம்?

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் காரமில்லாமல் தனியாகச் செய்து, சோற்றோடு மசித்துக் கொடுக்கலாம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் முதலில் பங்கு எடுத்து வைத்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.

வாந்தி, பேதி கண்டால்

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி கொடுக்கவும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, பேதியில் இரத்தம் கண்டாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்லவும். அவசரத்துக்கு 108ஐ அழைக்கவும்.

நினைவில் கொள்க: கறி மிஞ்சலாம்; நேரம் மிஞ்சக் கூடாது.